மூன்று இலை நோயாளி

அவருடைய விசிட்டிங் கார்டில் 'பூச்சிக் கட்டுப்பாட்டு நிபுணர்' என்று இரண்டு வண்ணத்தில் அச்சடித்திருந்தது. ஆனால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் முதல் சங்கச் செயலாளர் வரை எல்லோருக்கும் அவர் பூச்சிக்காரர்தான். ஆரம்பத்தில் அது அவருக்குச் சுருக்கென்று இருந்தது, பிறகு பழகிவிட்டது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் பார்க்காத பூச்சி இல்லை. ஓட்டல் சமையற்கட்டுகளிலிருந்து கரப்பான்களை விரட்டியிருக்கிறார். ஒரு மாணவர் விடுதியின் நாற்பது அறை மூட்டைப்பூச்சியை ஒரே விடுமுறையில் ஒழித்திருக்கிறார். ஒரு நீதிமன்றத்தின் கோப்பறையில், தீர்ப்பு வருவதற்கு முன்பே வழக்குகளைத் தின்று முடித்துக்கொண்டிருந்த கரையானுக்குக் குறுக்கே போய் நின்றவரும் அவர்தான். தன் வீட்டில் ஒரு எறும்பு ஊர்ந்தால்கூட மானம் போய்விட்ட மாதிரி நினைப்பார். சர்க்கரை டப்பாவை மூடாமல் வைத்துவிட்டு வேலைக்குப் போகிற சுதந்திரம் அந்தக் கட்டடத்தில் அவர் மனைவி ஒருத்திக்குத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவளே கையோடு பூச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

வந்தது ஒரு தொட்டிச் செடி. ஒரு முழ நீளத்துக்குக் கோணலான தண்டு, அதில் எண்ணி மூன்று இலை. பச்சையா சாம்பல் நிறமா என்று சொல்ல முடியாதபடி தூசி. ஒரு இலை பழுத்து, ஓரம் கருகியிருந்தது. காம்பும் தண்டும் சேருகிற இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பூச்சிக்காரர் மூன்றடி தள்ளி நின்றபடியே மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அது என்ன என்று கேட்டார்.

"பஞ்சுங்க. கிளினிக்ல வாயில வைப்போம்ல, அது. வர்றவங்க எல்லாம் இதுலயேதான் துப்புவாங்க."

"பஞ்சு நடக்குமா? கிட்ட வந்து பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். பஞ்சு நடந்தது.

அதன் பெயர் மாவுப்பூச்சி. மேலே மாவு பூசிக்கொண்டு, அப்பாவி மாதிரி இடுக்கில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். ஒன்றைப் பார்த்தால் நூறு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் பூச்சிக்காரர் கடகடவென்று சொல்லிவிட்டு, செடியைக் கீழே குப்பைத் தொட்டியில் சேர்த்துவிட்டு வருவதாகக் கை நீட்டினார். அவள் தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். டாக்டர் கை நீட்டினால் எந்தக் கருவி வேண்டும் என்று கேட்காமலே கொடுப்பவள். மருத்துவமனை திறந்த வாரத்தில் அந்தச் செடி வாங்கப்பட்டது. அதே வாரத்தில்தான் அவளும் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் வாசலில் ஜம்மென்று நின்ற செடி, மீன் தொட்டி வந்தபோது எக்ஸ்ரே அறைப் பக்கம் தள்ளப்பட்டது. தண்ணீர்க் குடுவை வந்தபோது கதவுக்குப் பின்னால் போனது. அன்று காலை டாக்டர் ஒரு பிளாஸ்டிக் செடியை வாங்கி வந்து வைத்துவிட்டு, பழையதைத் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறார். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் தேறாது என்று.

"அதச் சொல்லும்போது அவரு செடியைப் பாக்கலங்க. என்னைப் பாத்தாரு" என்றாள் அவள்.

பூச்சிக்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சரி, செடி இருக்கட்டும், காலையில் மருந்து அடித்து மதியத்துக்குள் விஷயத்தை முடித்துவிடலாம் என்று பார்த்தார். அதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வேலைக்குக் கொண்டுபோகிற டப்பாக்களில் ஒரு சொட்டுக்கூட வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்பது மூன்று வருடமாக அங்கே சட்டம். அவளுடைய அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு.

அந்த மாமனார் நாற்பது வருடம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தியவர். மனைவி இறந்தபின் மகள் வீட்டோடு வந்துவிட்டார். மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது, பேசுவதற்கு விஷயம்தான் கிடையாது. சாப்பிட்டாச்சா மாமா என்பார் இவர். ஆச்சு மாப்பிள்ளை என்பார் அவர். மூன்று வருடத்தை அந்த இரண்டு வாக்கியத்தில் ஓட்டிவிட்டார்கள். இப்போது மாமனார் ஹாலில் இருந்து எழுந்து வந்து, பூதக்கண்ணாடியை இலைக்கடியில் பிடித்து எண்ணினார். பிறகு, இந்தப் பக்கம் பதினேழு, அந்தப் பக்கம் இன்னும் எண்ணவில்லை என்றார்.

பூச்சிக்காரர் அவரைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

வைத்தியம் தொடங்குவதற்கு முன் ஒரு சிக்கல் இருந்தது. நோய் என்ன என்று தெரியும், நோயாளி யார் என்றுதான் தெரியவில்லை. எந்தச் செடிக்கு வெயில் ஆகும், எதற்கு ஆகாது, எதற்குத் தண்ணீர் எவ்வளவு என்பது பெயர் தெரிந்தால்தானே தெரியும். மாமனார் அது ரப்பர் செடி என்று அடித்துச் சொன்னார். அவள் கொண்டுவரும்போது வாசலில் பார்த்திருந்த வாட்ச்மேன், மணி பிளாண்ட்டின் அண்ணன் என்றார். மனைவி ஃபோனில் படம் எடுத்துச் செடியின் பெயர் சொல்லும் செயலியிடம் கேட்டாள். அது முதலில் முட்டைக்கோஸ் என்றது. தூசியைத் துடைத்துவிட்டு எடுத்த இரண்டாவது படத்தைப் பார்த்துக் கிளி என்றது. மூன்றாவது தடவை மேசை விசிறி என்று சொன்னபோது அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மருத்துவமனைப் பழக்கத்தில் அவள் அதைப் பேஷண்ட் என்று கூப்பிடத் தொடங்கினாள். வீட்டில் அந்தப் பெயரே நிலைத்தது.

மறுநாள் அவள் ஒரு பை நிறையச் சாமான் கொண்டுவந்தாள். மென்மையான பல் துலக்கி ஆறு, பஞ்சு சுற்றிய குச்சி ஒரு கட்டு, ஒரு குப்பி ஸ்பிரிட், வாய்க்கு வெளிச்சம் காட்டுகிற சின்ன டார்ச். பூச்சிக்காரர் முப்பது மீட்டர் குழாயும் முதுகில் மாட்டும் தொட்டியுமாக வேலை செய்து பழகியவர். ஒரு குச்சி நுனியில் இருக்கும் பஞ்சை ஸ்பிரிட்டில் தொட்டு, ஒரு பூச்சி, அடுத்த பூச்சி, அதற்கடுத்த பூச்சி என்று தொட்டுத் தொட்டு எடுப்பது அவருக்குக் கடலைக் கரண்டியால் இறைப்பது போல இருந்தது. ஒரு கட்டடத்தையே ஒரு மணி நேரத்தில் முடிப்பவருக்கு ஒரு இலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

மாமனார்தான் கண். அவர் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பூச்சி இருக்கும் இடத்தில் எல்லாம் துண்டுக் காகிதத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ஈரம் தொட்டு ஒட்டிவிடுவார். இவர் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்து காகிதத்தை எடுப்பார். முடிந்தது என்று நிமிர்ந்தால், மாமனார் மறுபடி ஒரு சுற்றுப் பார்ப்பார்.

"மாப்பிள்ளை, இங்க ஒண்ணு விட்டுப்போச்சு."

"அது மண்ணு மாமா."

"மண்ணுக்கு மீசை இருக்காது."

குனிந்து பார்த்தால் மீசை இருக்கும்.

ஞாயிறு தோறும் செடியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் சோப்புத் தண்ணீரில் கழுவுவது என்று முடிவானது. அங்கேதான் ஒரு சங்கடம். அந்தக் கட்டடத்துக்கே பூச்சி மருந்து அடிக்கிற வேலை பூச்சிக்காரருடையது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பூச்சிக்காரர் வீட்டிலேயே பூச்சி என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அதற்கு மருந்து கிடையாது. ஆகவே அவர் செடியை ஒரு படுக்கை விரிப்பால் தலை முதல் கால் வரை போர்த்தி, அணைத்துப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார்.

அடுத்த தளத்திலேயே சங்கச் செயலாளர் ஏறினார். போர்வைக்குள் என்ன என்று கேட்டார். பூச்சிக்காரர் விளக்கு என்றார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்றதற்கு மாடிக்கு என்றார். மாடியில் எதற்கு விளக்கு, அதுவும் காலை ஒன்பது மணிக்கு என்று செயலாளர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை பூச்சிக்காரரின் சட்டைக் காலரில் போய் நின்றது.

"சார், உங்க காலர்ல ஏதோ வெள்ளையா இருக்கே."

"பஞ்சு சார். வீட்டுல பல் கிளினிக்ல வேலை பாக்குறாங்கல்ல."

செயலாளர் அதை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். பூச்சிக்காரர் கழுத்தை அசைக்காமல், பஞ்சு மட்டும் இப்போது நடந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றார். அந்த ஒரு பூச்சிக்கு என்ன நல்ல குணமோ, மாடி வரும்வரை அசையவில்லை. மாடிக்கு வந்ததும் முதல் வேலையாக அதை நசுக்கினார். கொஞ்சம் நன்றிகெட்டதனமாகத்தான் இருந்தது.

ஆறு வாரத்தில் மாவுப்பூச்சி ஒழிந்தது. மாமனார் இரண்டு முறை மெய்ப்புப் பார்த்துவிட்டு, சுத்தம் என்று சொன்னார். ஆனால் செடி தேறவில்லை. பழுத்த இலை விழுந்தது, மிச்சமிருந்த இரண்டும் மஞ்சளடித்துத் தொங்கின. தொட்டிப் பக்கம் போனால் அழுகின வாடை வந்தது. பூச்சி இருந்தபோதே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. பூச்சிக்காரருக்கு வேலையில் மனம் ஓடவில்லை. ஒரு வீட்டில் பல்லிக்கு அடிக்க வேண்டிய இடத்தில் பல்லியைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார்.

காரணம் ஒரு ஞாயிறு மதியம் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயர்ந்த நேரம். பூச்சிக்காரர் ஓசைப்படாமல் எழுந்து, ஒரு செம்பு தண்ணீரோடு பால்கனிக்குப் போனார். அங்கே மாமனார் தொட்டிக்குப் பக்கத்தில், கையில் வாய் கொப்பளிக்கும் டம்ளரோடு நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேச வாயெடுக்கும்போது பின்னாலிருந்து மனைவி ஒரு ஜக்கோடு வந்தாள்.

விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. காலையில் வேலைக்குப் போகுமுன் இவர் ஒரு செம்பு. மற்றவர்கள் மறந்துவிடுவார்களே என்று மதியம் மாமனார் ஒரு டம்ளர். ஆண்களை நம்ப முடியாது என்று சாயங்காலம் அவள் ஒரு ஜக்கு. ஒன்பது வருடம் ஒருவரும் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றாத செடி, ஆறு வாரமாக மூன்று பேர் பாசத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது.

உடனே தரையில் செய்தித்தாள் விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தார்கள். வேரில் பாதி கறுத்துக் கூழாகியிருந்தது. பூச்சிக்காரர் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகினதை எல்லாம் வெட்டி எறிந்தார். மனைவி மண்ணைக் கிளறினாள். கிளறக் கிளற ஒரு காட்சிசாலையே வந்தது. கல்லாகிப்போன சூயிங் கம், விழுங்கப் பயந்து புதைத்த மாத்திரைகள், டோக்கன் சீட்டுகள், ஒரு சட்டைப் பொத்தான். பிறகு அவள் கை நின்றது. விரல் நுனியில் ஒன்றை எடுத்துப் புடவையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கடைவாய்ப் பல்லுக்குப் போடும் தங்க உறை.

அவள் சம்மணம் போட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு வருடத்துக்கு முன் அந்த உறை காணாமல் போயிருந்தது. ஒரு கப்பல் பொறியாளருக்கு டாக்டர் அதை இவளை விட்டுத் தற்காலிகமாகப் பொருத்தச் செய்து, கடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வெளியே உட்கார வைத்தார். கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்தவர் வாயில் உறை இல்லை. நான் எடுக்கவில்லை, விழுங்கவும் இல்லை என்று அவர் குதித்தார். உதவியாளர் பொருத்தாமல் எடுத்து வைத்துக்கொண்டாள் என்று கடைசியில் பழி இவள் தலையில் விழுந்தது. டாக்டர் நேரடியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கருவி அலமாரிச் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். நான்கு வருடமாக அவள் ஒரு கண்ணாடி வேண்டும் என்றாலும் அவரிடம் கை நீட்டிக்கொண்டிருந்தாள். இதை வீட்டில் அவள் சொன்னதே இல்லை. இப்போதுதான் சொன்னாள். மரத்துப்போன வாயோடு அந்தப் பொறியாளர் பஞ்சைத் துப்பியபோது உறையையும் சேர்த்துத் துப்பியிருக்கிறார் என்பது மூவருக்கும் விளங்கியது.

பூச்சிக்காரருக்குக் கோபத்தில் காது சிவந்தது. இப்போதே போய் அந்த டாக்டரை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். கையெல்லாம் சேறு. மாமனார் அவரை உட்கார வைத்தார். என் மகள் பேசிக்கொள்வாள் என்றார்.

மகள் பேசவே இல்லை. மறுநாள் காலை டாக்டர் வருவதற்கு முன், அவர் மேசையில் ஒரு வெள்ளைப் பஞ்சின் மேல் அந்த உறையை வைத்துவிட்டுக் கருவிகளைக் கொதிக்க வைக்கப் போய்விட்டாள். டாக்டர் வந்து உட்கார்ந்தார். உறையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கூப்பிட்டு, எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

"நீங்க தூக்கிப் போடச் சொன்ன பேஷண்ட்டு வயித்துல இருந்துச்சு டாக்டர்."

டாக்டர் தலை குனிந்தபடியே பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. மத்தியானம் போல, அந்தச் செடி இன்னும் இருக்கிறதா, திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். சிகிச்சையில் இருக்கிறது, இப்போது இடம் மாற்ற முடியாது என்று அவள் பல் டாக்டர்கள் பேசுகிற அதே குரலில் பதில் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் வழக்கத்துக்கு மாறாக, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி வீட்டுக்கு வந்தாள், நான்கு மாடி.

செடிக்குப் புதுத் தொட்டி வந்தது. மணலும் தென்னைநார்த் தூளும் கலந்த மண். விரலை விட்டுப் பார்த்து, இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர் என்று தீர்மானமாகியது. யார் விரல் என்பதில் தகராறு வந்ததால், மூவரும் விரலை விட்டு, இரண்டு பேருக்கு மேல் காய்ந்தது என்று சொன்னால்தான் தண்ணீர் என்று ஆயிற்று. செயலாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். கையெழுத்துப் போடும்போது, உங்கள் விளக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இப்போது எரிகிறது என்றார் பூச்சிக்காரர்.

மாதம் மூன்று போனது. ஒரு நாள் தண்டின் நுனியிலிருந்து பென்சில் மாதிரிச் சுருண்ட ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. வெளிர்ப் பச்சை, மெழுகு பூசின பளபளப்பு. அதற்குள் எவ்வளவு பெரிய இலை இருக்கும் என்று மாமனார் நூல் வைத்து அளந்தார். பூச்சிக்காரர் வேலைக்கு நடுவே வீட்டுக்கு ஃபோன் போட்டு, இன்று எவ்வளவு பிரிந்தது என்று கேட்கத் தொடங்கினார். மூன்று வருடம் இரண்டு வாக்கியத்தில் ஓட்டிய மனிதர்கள், ஃபோனில் பதினைந்து நிமிடம் பேசினார்கள்.

பத்தாவது நாள் இலை முழுதாக விரிந்தது. பூச்சிக்காரர் காலையில் பால்கனிக் கதவைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். கை அகலத்துக்கு மேல் பெரிய இலை, அழகான இலை. அது முழுக்க ஓட்டை.

நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் நீள நீளமாக ஏழு ஓட்டை. ஓரத்திலோ நாலைந்து இடத்தில் உள்ளே வரை கிழிசல். புழு. வேறென்ன. இலையைத் திருப்பிப் பார்த்தார், எச்சம் இல்லை. மண்ணைக் கிளறினார், முட்டை இல்லை. பால்கனி முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்களைத் தொங்கவிட்டு, விடுப்புப் போட்டுக்கொண்டு, நாற்காலி போட்டுப் பகல் முழுக்கக் காவல் இருந்தார். ஒட்டுத்தாளில் மாட்டியது அவருடைய முழங்கை மட்டும்தான்.

சாயங்காலம் அவர் அந்த ஓட்டைகளின் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். பூச்சி கடித்தால் ஓரம் சொரசொரவென்று பழுப்பேறியிருக்கும். இது நறுக்கினாற்போல வழவழப்பாக இருந்தது. பூச்சி இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடாது. அவர் பார்வை மெல்ல ஹால் பக்கம் திரும்பியது. அங்கே மாமனார் செய்தித்தாளில் தனக்குப் பிடித்த பகுதியை வெட்டிக்கொண்டிருந்தார், கத்தரிக்கோலால்.

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டார். சுற்றிவளைத்து, தெரியாமல், தவறுதலாக, ஏதாவது கத்தரிக்கோல் பட்டிருக்குமா மாமா என்றுதான் கேட்டார். மாமனார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நாப்பது வருஷம் அடுத்தவங்க தப்பைத் திருத்தினவன் நான், மாப்பிள்ளை. தப்புப் பண்ணினவன் இல்ல."

அவ்வளவுதான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குச் சாப்பிட்டாச்சா மாமா என்று கேட்டதற்கு, அந்த ஆச்சு மாப்பிள்ளைகூட வரவில்லை. மனைவி இருவருக்கும் நடுவில் சாப்பாட்டுப் பாத்திரங்களை நகர்த்திக்கொண்டே, எனக்கு வீட்டிலும் வாய் திறக்காத பேஷண்ட்டுகள்தானா என்று பொதுவாகக் கேட்டாள்.

மறுநாள் பூச்சிக்காரருக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் புதிய அலுவலகத்தில் வேலை. தேநீர் அறையில் கரப்பான். வேலையை முடித்து, தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு முன்கூடத்தின் வழியாக வெளியே வந்தவர், தூண் ஓரத்தில் ஒன்றைப் பார்த்து நின்றார். ஆள் உயரத்துக்கு ஒரு செடி. குடை மாதிரி இலைகள். ஒவ்வொரு இலையிலும் ஓட்டை, எண்ண முடியாத ஓட்டை.

அவருக்குப் பரிதாபமாக இருந்தது. தனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் ஒரே இலையில்தான் தாக்குதல், இங்கே மொத்தமும் போய்விட்டது. நேரே அலுவலக மேலாளரைத் தேடிப் போய், ஒரு நிபுணருக்குரிய தாழ்ந்த குரலில் விஷயத்தை உடைத்தார். பயப்பட வேண்டாம், ஆனால் கரப்பானைவிட இது அவசரம், இதுவரை தான் பார்த்திராத ஒரு புழு நகரத்துக்குள் நுழைந்திருக்கிறது, தன் வீட்டிலேயே அதன் வேலையைக் கண்ணால் பார்த்தேன் என்றார். மேலாளர் கலவரமாகி எழுந்து கூடவே வந்தார். வரவேற்பு மேசையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

செடிக்குக் கீழே ஒரு பெண் ஈரத் துணியால் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்துச் செடிகளை வாரம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்பவள். பூச்சிக்காரர் அவளுக்கும் சேர்த்து, ஓட்டையின் வடிவம், ஓரத்தின் வழவழப்பு, எச்சம் கிடைக்காத மர்மம் எல்லாவற்றையும் விளக்கினார். அவள் துணியைப் பிழிந்துகொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

"அது மான்ஸ்டெரா சார். இலை பொறக்கும்போதே ஓட்டையோடதான் பொறக்கும்."

மேலாளர் பூச்சிக்காரரைப் பார்த்தார். பூச்சிக்காரர் செடியைப் பார்த்தார். கடைசியில், தன் வீட்டுச் செடியில் பழைய இலைகளில் ஓட்டையே கிடையாதே என்று ஈனக் குரலில் கேட்டார்.

"இருட்டுல போட்டு, பட்டினி போட்டு வளத்திருப்பாங்க. அப்போ வெறும் இலைதான் விடும். வேரு நல்லா இருந்து, வெளிச்சமும் கெடச்சாத்தான் ஓட்டை விடும். நல்லாப் பாத்துக்கிறீங்கன்னு அர்த்தம் சார்."

முதுகில் பத்து லிட்டர் மருந்துத் தொட்டியோடு பூச்சிக்காரர் அந்தக் கூடத்தில் நின்று சிரித்தார். அவமானத்தில் வர வேண்டிய வியர்வைக்குப் பதில் சிரிப்பு வந்தது. மேலாளர் கரப்பான் வேலையையும் ஒருமுறை சரிபார்த்துவிடலாமா என்று கேட்டதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மாமனார் செய்தித்தாளை இறக்கவில்லை. செடியின் பெயர் தெரிந்ததில் சந்தோஷம், ஆனால் ஒரு தவறான செய்தி வெளியாகிவிட்டால் அதே இடத்தில் திருத்தம் வெளியிடுவதுதான் முறை என்றார் தாளுக்குப் பின்னாலிருந்து. பூச்சிக்காரர் யோசித்தார். பிறகு ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

'இலையில் உள்ள ஓட்டைகளை மாமா கத்தரிகோலால் போட்டார் என்று நான் சந்தேகபட்டது தவறு. அவை தாமாக வந்தவை. வருந்துகிறேன்.'

மாமனார் தாளை வாங்கி வாசித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். கத்தரிக்கும் கோலுக்கும் நடுவே ஒரு 'க்' செருகினார். சந்தேகத்துக்குப் பின்னால் ஒரு 'ப்' செருகினார். கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தகவல் சரியா இருக்கு மாப்பிள்ளை. ஒற்றுதான் வரல. சாப்பிட்டாச்சா?"

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தது. சாரல் அடிக்கிறதே என்று பேஷண்ட்டைப் பால்கனியிலிருந்து உள்ளே, நடை ஓரத்துக்கு மாற்றினார்கள். அங்கே அடுத்த குருத்து வந்தது, விரிந்தது. பெரிய இலைதான், குறையில்லாத பச்சைதான். ஆனால் அதில் ஓட்டை ஒன்றுகூட இல்லை. பூச்சிக்காரர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மாமனார் பூதக்கண்ணாடியால் ஓரம் ஓரமாகத் தேடினார். ஒரு கிழிசலாவது இருக்கக் கூடாதா என்று இருவருக்கும் முகம் விழுந்துவிட்டது. மனைவி வேலையிலிருந்து வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிக் கேட்டாள். இலை நன்றாக இருக்கிறது என்று இருவரும் துக்கமாகச் சொன்னார்கள்.

வெளிச்சம் போதவில்லை என்பது தெளிவு. அந்த வீட்டில் மழைக்காலத்திலும் நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்று, ஹாலில். அந்த இடத்தில் மாமனாரின் நாற்காலி கிடந்தது. பூச்சிக்காரர் அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்தார். மாமனார் எழுந்து, பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நாற்காலியின் ஒரு கையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க மாப்பிள்ளை. எனக்கு லைட் போட்டா போதும், அதுக்குப் போதாது."

இருவருமாக நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, தொட்டியைத் தூக்கி ஜன்னலடியில் வைத்தார்கள். வெளியே மழை விட்டிருந்தது.